மாப்ளே, காசைக் கடிச்சுப் பாக்காதே!

கடிக்காதே மாப்ளே, கடிக்காதே! சினிமாவுல எவனோ கடிக்கிறதப் பாத்துட்டு வந்து, ஒன் அப்பாயி காசுமாலையில பல்லு வைக்கிறியே, நல்லாருக்கா பாக்குறதுக்கு? பல்லு பதிஞ்சாத் தங்கம்னு ஒனக்கு எவன் சொன்னான்? ஈயத்தக் கடிச்சுப் பாரு, தங்கத்தவிட அழகாப் பதியும். அசல் சவரன்ல பன்னண்டுல ஒரு பங்கு செம்பு இருக்கு. கெட்டிப்படட்டும்னே கலந்தது. அதக் கடிச்சா காசப் பத்தி ஒண்ணும் தெரியாது. டாக்டர் கட்டிவுட்ட ஒன் பல்லு அசலா நகலான்னுதான் தெரியும்.

பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம், அதுக்குள்ள இந்த மாலையோட யோக்கியதை தெரியணும்ங்கிற. நல்ல காரியம். மாலை கெழவி கழுத்துல ஏறி எத்தன வருசம் ஆச்சு? இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனாவது தராசுல வச்சுப் பாத்தீங்களா? நெல்லு விக்கப் போறப்ப நாம படுற பாடு ஒனக்கே தெரியும். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல ஏறுனா, மெசின்ல போட்டுப் பாத்துட்டு, "காயவச்சுக் கொண்டாங்க"ன்னு தெரு ரோட்டுக்கு அனுப்புறான். 40 கிலோ மூட்டை நெல்லுக்கு அத்தன சோதனை. தங்கம் வீட்டுக்குள்ள வர்றப்ப மட்டும் சோதனையே கெடையாது. சம்பந்தி குடுத்தா மரியாதை, அத்தை குடுத்தா பாசம், அப்பாயி கழுத்துல கெடந்தா பக்தி. வெளிய போறப்பதான், அதுவும் அடகுக்கடைப் படியேறுறப்பதான், அது மொத மொதக் கல்லுல உரசு வாங்குது. அதுக்குள்ள அதக் குடுத்தவரு செத்துப் போயிருப்பாரு, இல்லாட்டிப் பெரிய மனுசனா ஆயிருப்பாரு. ரெண்டு பேருகிட்டயும் கேள்வி கேக்க முடியாது.

அதனால கேட்டுக்க. காசு வீட்டுக்குள்ள வர்றப்பவே ரெண்டு கேள்வி கேக்கணும். ஒண்ணு, இது தங்கமா? ரெண்டு, இது காசா? ரெண்டும் ஒரே கேள்வின்னு நெனைக்கிறவன்தான் ஏமாறுறான். தங்கமா இருந்து காசா இல்லாதது உண்டு. காசு மாதிரி இருந்து தங்கமா இல்லாததும் உண்டு. ரெண்டுமா இருக்கிறது கொஞ்சம். ரெண்டுமா இல்லாதத வாங்கிட்டு வர்றதுக்குன்னே நம்ம குடும்பத்துல வருசத்துக்கு ஒருத்தன் பொறக்குறான்.

ஒன் மாலையவே எடுத்துக்க. நடுவுல தொங்குது பாரு குதிரக்காரன் காசு. வெள்ளைக்காரன் சவரனோ, அதப் பாத்துப் பட்டறையில அச்சடிச்சதோ, அப்பறம் சொல்றேன். ரெண்டு பக்கமும் இருக்கிறது லட்சுமி காசு. அது எந்த அரசாங்கமும் அடிச்ச காசு இல்ல. பத்தர் அச்சுல வச்சுத் தட்டுன தகடு. அதப் போலின்னு சொன்னா பத்தர் கோவிச்சுக்குவாரு, அதுல நியாயமும் இருக்கு. அது நகை, அதுக்கு நகை வெலை, அவ்வளவுதான். கெட்டிக் காசா மெல்லிசுக் காசான்னு மட்டும் பாத்துக்க. உள்ள அரக்கு அடைச்சிருந்தா, அரக்குக்கும் சேத்துத் தங்க வெலை குடுத்திருக்கீங்கன்னு அர்த்தம். கடைசியில கொக்கிக்குப் பக்கத்துல ஒண்ணு பளபளன்னு, மத்ததவிட மஞ்சளா இருக்கு பாரு, அதப் பத்தி எனக்குச் சந்தேகமே இல்ல. சிதம்பரம் கவரிங்கு. நம்ம குடும்பத்துல பொன் வைக்கிற இடத்துல பூ வைக்கிறது உண்டு. பித்தளைய வச்சவங்க ஒங்கப்பன் வீட்டுக்காரங்கதான்.

சரி, மொதக் கேள்வி. தங்கமா?

கண்ண நம்பாத. மஞ்சளா மினுக்குறதுக்கு முலாம் போதும். கனத்த நம்பு, ஆனா கனத்த மட்டும் நம்பாத. கனமும் அளவும் ஒண்ணா நிக்கணும். அதுலதான் சூட்சுமம். அசல் சவரன் 7.988 கிராம். குறுக்களவு 22 மில்லிமீட்டர், தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர். நம்ம கடையில பவுன்னா 8 கிராம்னு வட்டமாக் கணக்குப் போட்டு வச்சிருக்கான், அது கடை வசதிக்கு. வெள்ளைக்காரன் அடிச்ச காசு 8 கிராமுக்குக் கொஞ்சம் கம்மிதான். கை பட்டுத் தேஞ்சு 7.937க்குக் கீழ போனா, அது புழக்கத்துக்குச் செல்லாதுன்னு அவனே சட்டம் வச்சிருந்தான். அப்ப, கொக்கி இல்லாத வெறுஞ் சவரன் எட்டே கால் கிராம் நிக்குதுன்னு எவனாவது பெருமையாச் சொன்னா, சந்தோசப்படாத, சந்தேகப்படு. வெள்ளைக்காரன் தாராளமாத் தங்கம் போட்டதா சரித்திரமே கெடையாது.

இப்ப கணக்கப் பாரு. சவரன் அளவுக்கே, அதே குறுக்களவு அதே தடிமன்ல, பித்தளையில ஒரு வட்டம் வெட்டுனா 4 கிராம்கூடத் தேறாது. வெள்ளியில வெட்டுனா அஞ்சுக்குள்ள. ஈயத்துல வெட்டுனா அஞ்சு, அதுக்குச் சித்த மேல. எட்டு கிராம் வரணும்னா பித்தளைக்காரன் காச ரெண்டு மடங்கு தடிமனா அடிக்கணும். அடிச்சா கண்ணுக்குத் தெரிஞ்சுபோவும். கனத்தச் சரி பண்ணுனா அளவு காட்டிக்குடுக்கும், அளவச் சரி பண்ணுனா கனம் காட்டிக்குடுக்கும். ரெண்டையும் ஒண்ணா ஏமாத்தக்கூடிய உலோகம் ரொம்பக் கொஞ்சம். டங்ஸ்டன்னு ஒண்ணு இருக்கு, கிட்டத்தட்டச் சொக்கத் தங்கத்து அடர்த்தி. அத இப்பத் தங்கக் கட்டிக்குள்ள ஒளிச்சு வைக்கிறானுவ. சின்னக் காசுல அச்சடிக்கிறது கஷ்டம், ரொம்பக் கடினமான சரக்கு. பிளாட்டினம் இன்னொண்ணு. அந்தக் கதையக் கேட்டா சிரிப்ப. பத்தொம்பதாம் நூற்றாண்டுல பிளாட்டினம் மலிவாக் கெடந்தப்ப, சீமையில சில கில்லாடிங்க பிளாட்டினத்துல சவரன் அடிச்சு, மேல தங்க முலாம் பூசித் தள்ளிவுட்டானுவ. பின்னால பிளாட்டினம் தங்கத்தவிட வெலை ஏறிப்போன காலத்துல, அந்தப் போலிக்காசு வச்சிருந்தவனுக்குத்தான் யோகம். அந்த யோகம் ஒனக்கு வராது, ஒன் மாலையில இருக்கிறது பித்தளை.

வீட்டுலயே பாக்கணும்னா தண்ணி வைத்தியம் பண்ணு. ரெண்டு புள்ளி காட்டுற சின்னத் தராசு இப்ப எல்லா ஊர்லயும் விக்கிறான். டம்ளர்ல தண்ணி ஊத்தித் தராசு மேல வச்சு, பூஜ்யம் பண்ணிக்க. காச மெல்லிசு நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி தொங்கவுடு. அடியிலயும் படக் கூடாது, ஓரத்துலயும் இடிக்கக் கூடாது, குமிழி ஒட்டக் கூடாது, ஒன் பொண்டாட்டி பக்கத்துல நின்னு யோசனை சொல்லக் கூடாது. அசல் சவரனா இருந்தா தராசு 0.45 பக்கம் நிக்கும். அதே எட்டு கிராம் எடையில பித்தளையா இருந்தா 0.9 தாண்டும். பேராண்டி பள்ளிக்கூடத்துல ஆர்க்கிமிடீசுன்னு படிக்கிறான்ல, அந்தாளு ராசா கிரீடத்துல கலப்படம் கண்டுபிடிச்சார்னு சொல்ற கதைதான் இது. அந்தாளு வேட்டி கட்டாம ஓடுனாராம், நீ கட்டிக்கிட்டே செய்யலாம்.

காந்தத்த எடுத்துக்கிட்டு வராத. காந்தம் இரும்பத்தான் இழுக்கும். பித்தளையையும் செம்பையும் ஈயத்தையும் தங்கம் மாதிரியே சும்மா வுட்டுடும். காந்தம் ஒட்டுனாப் போலின்னு சொல்லலாம். ஒட்டலைன்னா ஒண்ணும் சொல்ல முடியாது. தட்டிப் பாத்து ஓசை கேக்குறேன்னு ஒருத்தன் சொல்லுவான். வெறுங் காசுக்கு அது சரி. கொக்கி பத்தவச்ச காசு அசலா இருந்தாலும் ஊமையாத்தான் கேக்கும். ஓசைய நம்பி அசலத் தூக்கிப் போட்டுடாத.

உரைகல்லு நல்ல ஆயுதம்தான். பத்தர் கருங்கல்லுல ஒரு இழுப்பு இழுத்து, பக்கத்துல தெரிஞ்ச மாத்து ஊசிய இழுத்து, மேல திராவகம் தொட்டு வைப்பாரு. மட்டச் சரக்கோட கோடு கரைஞ்சு மறஞ்சிரும், தங்கக் கோடு நிக்கும். ஆனா கல்லு தொடுறது மேல்தோல மட்டும். முலாம் கெட்டியா இருந்தா உரசுறதும் முலாம்தான், நிக்கிறதும் முலாம்தான். கடையில வச்சிருக்கானே, காசு உள்ள போனா காரட்டு வெளிய வர்ற மெசினு, அதுவும் மேலாகத்தான் பாக்கும். அதனால உரைகல்லு ஒரு சாட்சி, மெசினு ஒரு சாட்சி, தண்ணி ஒரு சாட்சி. மூணும் ஒரே வாக்குமூலம் குடுத்தா நம்பு.

கொக்கியையும் கவனி. பொடி வச்சு ஊதிப் பத்தவச்ச இடத்துல மாத்து எப்பவும் கம்மி. பத்தவைக்கிற பொடி சீக்கிரம் உருகணும்ல, அதுக்காகக் கலப்படம். கொக்கி கிட்ட உரசிட்டு "காசே மட்டம்"னு பத்தர அடிக்கப் போவாத. காசு நடுவுல உரசிட்டு "கொக்கியும் சொக்கம்"னு வெலை குடுத்துடாத. கொக்கி எடை தனி, காசு எடை தனி. இந்தப் புத்தி நமக்குப் புதுசு இல்ல மாப்ளே. 1010-ல கட்டி முடிச்ச நம்ம பெரிய கோயில் சுவத்துல ராஜராஜன் குடுத்த நகைக்கெல்லாம் எடை வெட்டி வச்சிருக்கான். கழஞ்சு, மஞ்சாடி, குன்றின்னு பொடி எடை வரைக்கும் கணக்கு. தங்கத்துக்கு ஆடவல்லான்ங்கிற கல்லு, மணி பதிச்ச நகைக்கு தட்சிணமேரு விடங்கன்ங்கிற கல்லு, ரெண்டும் சாமி பேருல. கோத்த சரட நீக்கி எடை போட்டோம்னு எழுதியிருக்கு. சக்கரவர்த்தி சாமிக்குக் குடுக்குறப்பவே நூலுக்குக் கணக்கு பாத்திருக்கான். நீ சம்பந்தி குடுக்குறதுல அரக்கப் பத்திக் கேக்க வெக்கப்படுற. நோட்டக்காரன் வேலை அதுக்கும் முந்தினது. சங்கப் புலவருங்க பேருலயே வண்ணக்கன்னு வருதே, அது காசு நோட்டம் பாக்குறவங்களுக்குப் பேரு. காச நோட்டம் பாத்த பரம்பரையில கவி பாடத் தெரிஞ்சவங்க இருந்திருக்காங்க. நம்ம பரம்பரையில ரெண்டும் இல்லாமப் போச்சு.

இப்ப ரெண்டாவது கேள்வி. காசா?

பூதக்கண்ணாடிய எடு. அந்தப் பக்கம் குதிரை மேல ஒருத்தன் பாம்புக்கும் பல்லிக்கும் நடுவுல ஒண்ணக் குத்துறான் பாரு, புனித ஜார்ஜு. 1817-ல வந்த சவரன்ல பிஸ்ட்ருச்சின்னு ஒரு இத்தாலிக்காரன் செதுக்குன படம். வருசத்துக்குப் பக்கத்துல, ஓரமா, பி.பி.ன்னு பொடி எழுத்து பெரும்பாலான காசுல இருக்கும், அவன் பேரோட மொத எழுத்துங்க. இந்தப் பக்கம் தலை. தலையும் வருசமும் ஒத்துப்போவணும். முக்காடு போட்ட வயசான விக்டோரியா ராணி 1893-லேர்ந்து 1901 வரைக்கும். தாடி வச்ச எட்வர்டு 1902 முதல் 1910, வலப் பக்கம் பாப்பாரு. அவரு மகன் அஞ்சாம் ஜார்ஜு, அவருக்கும் தாடிதான், 1911 முதல் 1932, இடப் பக்கம் பாப்பாரு. அப்பன் பாத்த பக்கம் மவன் பாக்குறதில்லங்கிறது அரண்மனையிலயும் உண்டு. 1933-லேர்ந்து 1956 வரைக்கும் வருசம் போட்டு, புழக்கத்துக்குன்னு ஒரு சவரனும் வரல. எலிசபெத்து ராணி தலையோட 1957-லதான் மறுபடி வந்துச்சு. அதனால ஒருத்தன் 1940-ல அடிச்ச ராசா காசுன்னு கொண்டாந்தா, அவனுக்குக் காப்பி குடுத்து அனுப்பிவை. காசு மட்டும் வாங்காத.

இன்னொரு சேதி. 1918-ல, மொத உலகப் போர் நேரத்துல, பம்பாயிலயே சவரன் அடிச்சான். குதிரை நிக்கிற தரையில, வருசத்துக்கு மேல, ஆங்கில 'ஐ' எழுத்து பொடிசா இருக்கும். அந்த ஒரு வருசம்தான். அப்பறம் 2013-லேர்ந்து மறுபடி இந்தியாவுல அதே எழுத்தோட அடிக்கிறாங்க. ஒன் மாலையில வருசம் 1918ன்னு படிச்சேன்னா நல்லாத் தேடிப் பாரு, சேத்து வெலை கேக்குறதுக்குக் காரணம் கெடைக்கலாம். ஆனா மாலையில சேத்துக் கொக்கி பத்தவச்சாச்சுன்னா, காசு சேக்குறவன் மொகத்தச் சுளிப்பான். அவனுக்குக் காயம்பட்ட காசு வேண்டாம். அப்பறம் அது தங்க எடைக்குத்தான் போவும்.

ரெண்டு கேள்வியையும் ஏன் பிரிச்சுக் கேக்கச் சொல்றேன்னு இப்பச் சொல்றேன். 1950-கள்ல இத்தாலியில, மிலான் பட்டணத்துல, ஒரு ஆளு சவரன் அடிச்சான். முழு எடை, முழு மாத்து, தங்கத்துல ஒரு குன்றி கொறை கெடையாது. பின்ன அவனுக்கு என்ன லாபம்ங்கிறியா? அந்தக் காலத்துல ஜனங்க சவரனுக்குத் தங்க வெலைக்கு மேல ஒரு வெலை குடுத்தாங்க, ராசா தலைக்காக. அந்த மேல்வெலைதான் அவன் லாபம். தங்கம் அசல், காசு போலி. லண்டன் நாணயச்சாலை 1957-ல மறுபடி சவரன் அடிச்சு வெளிய வுட்டதுக்கு, இந்த மாதிரி ஆளுங்க சந்தையில புகுந்ததும் ஒரு காரணம். நம்ம பக்கமும் இது நடந்திருக்கு. வெனிஸ்காரன் தங்கக் காசு, மூணரை கிராம், கிட்டத்தட்டச் சொக்கம், கடல் வழியா வந்து நம்ம பொம்பளைங்க கழுத்துல ஏறுச்சு. அதப் பாத்து இங்கயே அச்சு வெட்டுனவங்களுக்கு லத்தீன் தெரியாது. எழுத்து இருக்கவேண்டிய எடத்துல கோடும் புள்ளியுமா வெட்டி வச்சுட்டாங்க. படிக்கத் தெரிஞ்சவனுக்குப் போலி, உருக்கத் தெரிஞ்சவனுக்குத் தங்கம். அதுக்குக் காசு வெலை குடுத்தாத்தான் நீ முட்டாள். தங்க வெலை குடுத்தா நீ யோக்கியன்.

இதுக்கு நேர் எதிரா ஒரு கதை இருக்கு. புதுக்கோட்டைச் சீமையில கருக்காக்குறிச்சியில 1898-ல ஒரு புதையல் கெடைச்சுது. ரோமாபுரித் தங்கக் காசு, 501. அதுல பெரும்பாலான காசுல ராசா மூஞ்சிக்குக் குறுக்க உளியால ஒரு வெட்டு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி நம்மாளு ஒருத்தன் உக்காந்து, நீரோ மூஞ்சின்னு பாக்காம ஒவ்வொண்ணா வெட்டியிருக்கான். இனிமே இது காசா நடக்கக் கூடாது, வெறுந் தங்கம்தான்னு ஆக்குறதுக்கு வெட்டுனானா, உள்ள செம்பு ஒளிச்சிருக்கான்னு பாக்க வெட்டுனானா, படிச்சவங்க ரெண்டும் சொல்றாங்க. எதுவா இருந்தாலும், "காசு வேற, தங்கம் வேற"ன்னு புரிஞ்சவன் வெட்டுன வெட்டு அது. அவனுக்குச் சக்கரவர்த்தி மூஞ்சியில வராத கூச்சம், ஒனக்குச் சம்பந்தி மூஞ்சியில வருது.

புதையல்னு சொன்னதும் காது நீளுது பாரு ஒனக்கு! அதையும் சொல்லிடுறேன். ஒரு நாள் ஒருத்தன் வருவான், அழுக்கு வேட்டி, வெளியூருப் பேச்சு. "அய்யா, வீட்டுக்கு வாணம் தோண்டுனப்பக் கலயத்துல கெடைச்சுது, வெளிய சொன்னா போலீசு வரும், நீங்க பெரிய மனுசன்"னு காலத் தொடுவான். பெரிய மனுசன்னு சொல்றப்பவே எந்திரிச்சு உள்ள போயிரணும். நீ போவ மாட்ட. ஒரு காசு குடுத்து, "கடையில காட்டிட்டு வாங்க"ம்பான். காட்டுவ, அது சுத்தத் தங்கமா இருக்கும். அவன் குடுத்தத நீ சோதிச்சேல்ல, நீ எடுத்ததச் சோதிக்கலேல்ல? பானையில மீதி இருக்கிற அம்புட்டும் பித்தளை. இந்தப் பாடத்த மனசுல வை: விக்கிறவன் நீட்டுறதச் சோதிக்காத, நீ அள்ளுறதச் சோதி.

நெசமாவே புதையலா இருந்தாலும் ஒனக்கு ஆதாயம் இல்ல. 1878-லேர்ந்து புதையல் சட்டம் இருக்கு. பத்து ரூவாய்க்கு மேல பெறுமானம் உள்ளது மண்ணுக்குள்ள கெடைச்சாக் கலெக்டருக்குச் சொல்லணும். நெசப் புதையல் எப்பிடி இருக்கும்னு பாக்கணும்னா, 2020 பிப்ரவரியில திருவானைக்காவல் கோயில்ல தோண்டுனப்பக் கெடைச்சுதே, அத நெனச்சுக்க. பித்தளைக் கலயத்துல 505 தங்கக் காசு, மொத்தம் 1.716 கிலோ. வகுத்துப் பாரு, தலைக்கு 3.4 கிராம். வராகன் எடையும் கிட்டத்தட்ட அதுதான். பழைய காசுக்குன்னு ஒரு எடைக் கணக்கு இருக்கும் மாப்ளே. புதையல்னு வர்றவன்கிட்ட ஒவ்வொரு காசும் ஒவ்வொரு எடையா இருந்தா, தோண்டுனது மண்ணு இல்ல, ஒன் தலை.

இப்ப ஒன் மாலைக்கு வர்றேன். "பாட்டி காலத்து நகை, சொக்கத் தங்கம்"னு சொல்லிக்கிட்டே வந்தியே, யாரு சொன்னா? 1963-ல மொரார்ஜி தேசாய் நிதி மந்திரியா இருந்தப்ப, புது நகை 14 காரட்டுக்கு மேல கூடாதுன்னு உத்தரவு போட்டாரு. அத நம்பிப் பட்டறையத் தொறந்தவங்க பொழப்பு போச்சு, நம்பாதவங்க ஒளிஞ்சு செஞ்சாங்க. 1968-ல தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்துச்சு, 1990-லதான் எடுத்தாங்க. ஒளிச்சுச் செஞ்ச காலத்துல ரசீது ஏது, முத்திரை ஏது? பழசுங்கிறதுக்காக மாத்து கூடாது, கிழவனுங்கிறதுக்காகப் புத்தி கூடாத மாதிரி. என்னைத் தவிர.

இன்னொண்ணு, ஒன் மாலையில கவரிங் காச எவனோ பத்தர் மாத்திட்டான்னு பழி போடாத. நம்ம ஊர்ல காசுமாலையில அசல எடுத்து நகலக் கோத்தது பெரும்பாலும் வூட்டுக்காரன்தான். 1952 நவம்பர் மாசப் புயலு, 1977 நவம்பர் புயலு, 2018 கஜா, இதுக்கெல்லாம் நடுவுல மேட்டூர் தொறக்காமக் குறுவ கருகுன வருசம். ஒவ்வொண்ணுக்கும் மாலையிலேர்ந்து ஒரு காசு எறங்கியிருக்கும். மாலையில ஓட்டை தெரிஞ்சா ஊரு சிரிக்கும்னு அந்த எடத்துல கவரிங் ஏறியிருக்கும். அது மோசடி இல்ல மாப்ளே, மானம். ஆனா அந்த மானத்த எவனும் எழுதி வைக்கல. அதனால அடுத்த தலைமுறை அத அசல்னு நெனச்சு அடகுக்குத் தூக்கிட்டுப் போவுது. 2021-ல கூட்டுறவு சங்கத்துல அஞ்சு பவுன் வரைக்கும் நகைக்கடன் தள்ளுபடின்னு வந்தப்ப, அதிகாரிங்க பெட்டியத் தொறந்து பாத்தாங்க. பல எடத்துல போலி நகைய வச்சுக் கடன் போனது வெளிய வந்துச்சு. அதுல களவாணிங்க நெறைய. ஒன் அப்பாயி மாதிரி மானஸ்தங்க பேரப் புள்ளைங்களும் ஒண்ணு ரெண்டு இருந்திருப்பாங்கன்னு எனக்கு ஒரு நெனப்பு.

புது நகையா வாங்குனா ஒனக்கு இவ்வளவு கஷ்டம் இல்ல. 2021 ஜூன்லேர்ந்து முத்திரை கட்டாயமாச்சு, 2023 ஏப்ரல்லேர்ந்து ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் இல்லாம விக்கக் கூடாது. பி.ஐ.எஸ். முத்திரை, 22 காரட்டுக்கு 916, அந்த ஆறு எழுத்து, மூணும் இருக்கணும். அந்த ஆற பி.ஐ.எஸ். கேர் செயலியில தட்டுனா, எந்த நகைக்கு, என்ன மாத்துக்குக் குடுத்த முத்திரைன்னு காட்டும். செயலியில மோதிரம்னு வந்து கையில காசுமாலை இருந்தா, கடைக்காரனுக்கு வணக்கம் போட்டுட்டு வெளிய வா. ரெண்டு கிராமுக்குக் கீழ இருக்கிறதுக்கு இந்தக் கட்டாயம் இல்ல. மொய்யில வர்ற குட்டி நகை அந்த ஓட்டைக்குள்ள நொழையும், அதையும் தெரிஞ்சுக்க. பழைய நகையச் சோதிக்கணும்னா முத்திரை போடுற மையத்துலயே நம்ம நகையப் பாத்துச் சீட்டுக் குடுப்பான், சில நூறு ரூவாதான் ஆவும். தெருவுல "பாலிஷ் போடுறோம்"னு வர்றவன்கிட்ட மட்டும் குடுத்துடாத. அவன் கிண்ணத்துல இருக்கிறது தங்கத்தையே கரைக்கிற திராவகம். ஒன் நகை பளபளன்னு வரும், கால் பவுன் கொறஞ்சு வரும்.

சம்பந்தி நகையச் சோதிக்கணும், மனசும் நோவக் கூடாதுங்கிறியா? அதுக்கும் வழி இருக்கு. "பொண்ணு பேருக்கு லாக்கர் எடுக்கிறோம், பட்டியல் எழுதணும், ரெண்டு வீட்டு நகையையும் ஒரே தராசுல வச்சு எழுதிருவோம்"னு சொல்லு. சொல்லிட்டு ஒன் நகைய மொதல்ல தராசுல வை. மொதல்ல வச்சவன எவனும் சந்தேகக்காரன்னு சொல்ல முடியாது. நம்ம நகைய எடை போட்டுட்டு மத்தவங்க நகையக் கேக்குறதுக்குப் பேரு ஒழுங்கு. மத்தவங்க நகைய மட்டும் கேக்குறதுக்குப் பேரு சண்டை.

என்ன எந்திரிக்கிற? தராசக் கொண்டா, இப்பவே காசு காசாப் பாத்து, அசலு ஒரு பக்கம் நகலு ஒரு பக்கம் பிரிச்சுருவோம்ங்கிறியா? சரிதான். மாலையப் பாதி ஒனக்கும் பாதி ஒன் தங்கச்சிக்கும்னு ஒன் அப்பாயி சொல்லிட்டுப் போனது எனக்கும் தெரியும். எந்தப் பாதி ஒனக்குன்னு கெழவி சொல்லல. அதச் சொல்லாம வுட்டதாலதான் நீ தங்கச்சிக்குத் தெரியாம என்கிட்ட ஓடியாந்திருக்கன்னு, நீ படியேறுறப்பவே எனக்குத் தெரியும். மாமன் கெழவன்தான், நோட்டம் இன்னும் போவல. அவளுக்குப் போன் போட்டாச்சு. மன்னார்குடியில பஸ் ஏறிட்டாளாம். அவ வந்து உக்காந்த பெறகுதான் தராசு வெளிய வரும்.